மூச்சிரைப்பு வயதினால் வருவதா?

தைப்பூசத்திற்குப் பத்துமலை போனால் 272 படிகள் ஏற வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர் பத்து ஆண்டுகளுக்கு முன் அந்தப் படிகளை எப்படி ஏறினார், இப்பொழுது எப்படி ஏறுகிறார் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். முன்பு பேரப்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறியிருப்பார். பிறகு நடுவில் இரண்டு இடத்தில் நின்று ஏறினார். அப்புறம், "கூட்டம் அதிகமாக இருக்கிறது, நீங்கள் போய் வாருங்கள், நான் கீழே செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். இப்பொழுது தோட்டத்து மாரியம்மன் கோயிலே போதும் என்கிறார். ஏன் என்று கேட்டால், "வயதாகிவிட்டதப்பா" என்று ஒரே பதில். நாமும் ஆமாம் என்று விட்டுவிடுகிறோம்.

வயதானால் நடை தளரும், அது உண்மை. ஆனால் அவரோடு ஒன்றாகப் பெரட்டுக்கு நின்றவர், ஒரே வயதுக்காரர், மெதுவாக என்றாலும் மேலே ஏறிவிடுகிறார். இவர் மட்டும் மூச்சு வாங்கிக் கீழே நிற்கிறார் என்றால் அதை வயதின் தலையில் கட்டிவிட முடியாது. அந்த நெஞ்சை ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும். எப்படி அளப்பது, யாருக்கு அளப்பது என்பதே இன்றைய பேச்சு.

நெஞ்சு நோய் என்றால் நம் தோட்டத்து மக்களுக்கு இரண்டு பெயர்கள் தெரியும். ஒன்று காசநோய். அதைக் கண்டு பயப்படுகிறோம். மற்றது ஆஸ்துமா, இழுப்பு. அது சின்ன வயதிலிருந்து வந்து போய்க்கொண்டிருப்பது. மூன்றாவது ஒன்று இருக்கிறது. டாக்டர்கள் அதைச் சி.ஓ.பி.டி. என்பார்கள், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று தமிழில் சொல்லலாம். வீட்டில் பெயரே இல்லாத நோய் இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் மட்டும் உலகில் 32 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த நோயால் இறந்தார்கள். அந்த ஆண்டில் மனிதர்களைக் கொன்ற நோய்களின் வரிசையில் இதற்கு மூன்றாம் இடம். எழுபது வயதுக்கு முன் இதனால் இறப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் வாழ்கிறவர்கள். இவ்வளவு பெரிய நோய்க்கு நம் வீட்டில் ஒரு பெயர் இல்லாமல் போனதற்குக் காரணம், அது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. மனிதனும் அதற்கேற்பத் தன் வாழ்க்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொள்கிறான். மேட்டு நிரையை விட்டுவிடுவார். மோட்டார் சைக்கிளில்லாமல் கடைக்குப் போகமாட்டார். குளித்துவிட்டு வந்து கட்டிலில் கொஞ்ச நேரம் உட்காருவார். "மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டால், "இல்லையே" என்றுதான் சொல்வார். மூச்சு வாங்கும் வேலைகளை எல்லாம் அவர் எப்போதோ விட்டுவிட்டாரே, பிறகு எப்படி வாங்கும்?

ரப்பரோடு வாழ்ந்தவர்களுக்கு இந்த நோயை விளக்குவது சுலபம். நுரையீரலுக்குள் காற்றுக்குழாய்கள் மரக்கிளைபோலப் பிரிந்து பிரிந்து போகின்றன. கடைசி நுனியில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப்பைகள். அந்தப் பைகளின் சுவரில் ரப்பரைப் போன்ற இழுவைத்தன்மை இருக்கிறது. மூச்சை உள்ளே இழுத்தால் விரியும். விட்டால் தானே சுருங்கிக் காற்றை வெளியே தள்ளும். ஆண்டுக்கணக்காகப் புகைபட்ட நெஞ்சில் இரண்டு கேடுகள் நடக்கின்றன. குழாய்களின் உட்புறம் வீங்கிச் சளி கட்டி வழி குறுகுகிறது. காற்றுப்பைகளோ வெயிலில் கிடந்த பழைய ரப்பர் வளையம்போல இழுவை போய்த் தொய்ந்துவிடுகின்றன. அதனால் உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வராது. பாதிப் பால் நிற்கிற வாளியில் மேலும் பால் ஊற்றினால் எவ்வளவு கொள்ளும்? அப்படித்தான் பழைய காற்று நிற்கிற நெஞ்சுக்குள் புதுக் காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. "மூச்சு உள்ளே போகமாட்டேன் என்கிறது" என்று நோயாளி சொல்வார். உண்மையில் கோளாறு, வெளியே போகாததுதான்.

யாருக்கு வருகிறது? முதல் காரணம் சிகரெட், பீடி, சுருட்டு, ரோக்கோ டவுன் எல்லாம்தான். 2019-இல் நம் நாட்டில் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்த ஆண்களில் நூற்றுக்கு 40 பேர் புகைபிடிப்பதாகத் தெரிந்தது. பெண்களில் நூற்றுக்கு 1 பேர், சற்றே கூட. அப்படியானால் நம் தாய்மார்களுக்குக் கவலை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். இன்று அறுபது எழுபது வயதாகும் அம்மாக்கள், வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வருவதற்கு முன் எத்தனை ஆண்டு லயத்துக் குசினியில் குனிந்து விறகு ஊதியிருப்பார்கள்? மழைக்காலத்தில் ஈர விறகு. ஒரு கதவு, அதிலும் பாதி மூடியிருக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு அந்தப் புகை. வேலை முடிந்து வந்தால் மறுபடியும் அதே புகை. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொடாத பெண்ணுக்கும் இந்த நோய் வரும் என்பதற்கு விறகுப் புகையே பெரிய சாட்சி. அவரிடம் யாரும் "புகைபிடித்தீர்களா?" என்று கேட்டால், "இல்லை" என்பார். கேள்வி அதோடு முடிந்துவிடும். "எத்தனை ஆண்டு விறகில் சமைத்தீர்கள், அம்மா?" என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை செய்தவர்கள், தூசு பறக்கிற ஆலையில் நின்றவர்கள், குப்பை எரிக்கிற இடத்தில் இருந்தவர்கள் ஆகியோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். காசநோய் வந்து மருந்து சாப்பிட்டுக் குணமானவர்களையும் மறக்கக்கூடாது. கிருமி போய்விட்டாலும் நுரையீரலில் தழும்பு நின்று, பின்னாளில் மூச்சு அடைப்பு வரலாம். குழந்தையாக இருந்தபோது அடிக்கடி நெஞ்சுச் சளிக்காய்ச்சல் கண்டவர்களின் நெஞ்சு முதலிலிருந்தே கொஞ்சம் சிறியதாக இருக்கும். கொசுவத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலேசியாவிலும் சீனாவிலும் விற்ற கொசுவத்திகளைச் சோதித்து 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்தூசு 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்தால் வருகிற அளவு என்று கண்டார்கள். ஒரு சுருள் கொளுத்தியவர் அத்தனை சிகரெட் குடித்தார் என்று இதற்குப் பொருளில்லை. ஆனாலும் கதவை அடைத்துக்கொண்டு, கைக்குழந்தையின் தலைமாட்டில் அதை வைக்காதீர்கள். கொசுவலை இருக்கும்போது அது எதற்கு?

சரி, இப்படியென்றால் தோட்டத்தில் உள்ள எல்லாரையும் ஒரு நாள் வரிசையில் நிறுத்திச் சோதித்துவிடலாமே என்று தோன்றும். டாக்டர்களும் இதை நெடுநாள் விவாதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் தடுப்பு மருத்துவத்திற்கென்று உள்ள நிபுணர் குழு 2016-இலும், மீண்டும் 2022-இலும் ஆராய்ந்து, எந்தத் தொல்லையும் இல்லாதவர்களை இந்த நோய்க்காகச் சோதிக்க வேண்டியதில்லை என்று சொன்னது. தொல்லையே இல்லாதவரிடம் நோயைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்ததால் அவர் வாழ்வு மேம்பட்டது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பது அவர்கள் காரணம். புகைபிடிப்பவர் என்றால், சோதனை எப்படி வந்தாலும் சொல்லப்போகும் புத்தி ஒன்றுதானே!

இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "தொல்லை இல்லாதவர்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் வீடுகளில் தொல்லை இல்லாதவர் யார், தொல்லையைச் சொல்லாதவர் யார் என்று முதலில் பிரிக்க வேண்டும். கனடா நாட்டில் அதைத்தான் செய்தார்கள். வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைத்து, "இருமல், சளி, மூச்சிரைப்பு உண்டா?" என்று கேட்டார்கள். உண்டு என்றவர்களை வரவழைத்து ஊதவைத்தார்கள். அதுவரை நோய் இருப்பதே தெரியாதிருந்த 508 பேர், ஆஸ்துமாவோ சி.ஓ.பி.டி.யோ உள்ளவர்கள், அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியை நெஞ்சு நோய் நிபுணரும் பயிற்சி பெற்ற ஒருவரும் சேர்ந்து கவனித்தார்கள். மறு பாதி வழக்கமான டாக்டரிடம் போனார்கள். 2024-இல் முடிவு வெளிவந்தது. நிபுணர் கவனித்தவர்கள், மூச்சுக் கோளாறுக்காக மருத்துவமனைக்கும் கிளினிக்குக்கும் ஓடியது, மற்றவர்கள் ஓடியதில் ஏறத்தாழப் பாதிதான். கேட்டு, பிறகு சோதிப்பதால் பலன் உண்டு என்று இது காட்டுகிறது.

ஆகவே முதல் சோதனை வீட்டிலேயே நடக்க வேண்டும். அதற்குக் கருவி தேவையில்லை, கேள்வி போதும். நாற்பது வயது தாண்டியவரா? புகைபிடிப்பவரா, அல்லது முன்பு பிடித்தவரா? பெரும்பாலான நாட்களில் பல முறை இருமல் வருகிறதா? பெரும்பாலான நாட்களில் சளி துப்புகிறாரா? தம் வயதுக்காரர்களைவிட இவருக்குச் சீக்கிரம் மூச்சு வாங்குகிறதா? இந்த ஐந்து கேள்விகளில் மூன்றுக்கு "ஆமாம்" என்றால் டாக்டரிடம் போய்ச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது பல நாடுகளில் ஏற்றுக்கொண்ட வழி. நம் தாய்மார்களுக்குப் புகைபிடித்த கேள்வியோடு விறகு அடுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் வார்த்தை.

மூச்சிரைப்பு எவ்வளவு என்று அளக்கவும் ஒரு கேள்வி வரிசை உண்டு. அது பிறந்த இடம் நமக்கு அந்நியமானதன்று. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நெஞ்சை ஆராய்ந்த டாக்டர் சார்லஸ் பிளெட்சர் என்பவர், அந்தத் தொழிலாளர்களிடம் கேட்டுக் கேட்டு உருவாக்கியது அது. 1941-இல் பெனிசிலின் மருந்தை முதன்முதலாக நோயாளிகளுக்கு ஊசி வழியே செலுத்திய டாக்டரும் அவரேதான். அவருடைய கேள்விகளை நம் தோட்டத்துக்கு ஏற்றபடி சொல்கிறேன். கடுமையான வேலை செய்தால் மட்டும் மூச்சு வாங்குவது எல்லாருக்கும் உள்ளது. சமதரையில் வேகமாக நடந்தாலோ சின்ன மேடு ஏறினாலோ வாங்குகிறது என்றால் முதல் படி. சமதரையிலேயே கூட வருகிற ஒத்த வயதினரோடு சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்குகிறார், அல்லது தம் நடையிலேயே நடந்தும் இடையில் நின்றுகொள்கிறார் என்றால் இரண்டாம் படி. லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, அதாவது நூறு மீட்டர் போவதற்குள் நிற்கிறார் என்றால் மூன்றாம் படி. வீட்டை விட்டு வெளியே வரமுடியவில்லை, சட்டை போட்டுக் கழற்றுவதற்கே மூச்சு வாங்குகிறது என்றால் அது கடைசிப் படி. கடைசிப் படிக்கு வந்தபிறகு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம்தான் நம்மிடம் அதிகம்.

இனி, கிளினிக்கில் செய்யும் சோதனை. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கிறார், எக்ஸ்ரே எடுக்கிறார். இரண்டும் நல்லவைதான். ஆனால் இந்த நோயின் ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். குழாயிலும் ஒன்றும் கேட்காமல் போகலாம். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தவர் எத்தனை பேர்! எக்ஸ்ரே, நெஞ்சின் உருவத்தைக் காட்டும். காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதை ஊதித்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்பைரோமெட்ரி என்று பெயர்.

இது ஒன்றும் புதிய வித்தையன்று. 1846-இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர், தண்ணீரில் மிதக்கிற ஒரு பீப்பாய் போன்ற கருவியைச் செய்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து அளந்தார். மாலுமிகள், போலீஸ்காரர்கள், பலசாலிகள் என்று ஒருவரையும் விடவில்லை. இன்றைய கருவி கையில் அடங்கிவிடும். மூக்கில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். நெஞ்சு கொள்ளுமட்டும் மூச்சை இழுத்து, உதட்டால் குழாயை இறுகக் கவ்வி, பட்டென்று வேகமாக ஊத வேண்டும். ஊதியதை நிறுத்தாமல் குறைந்தது ஆறு வினாடியாவது, உள்ளே காற்றே இல்லை என்னும் வரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர், "ஊது, ஊது, இன்னும் இன்னும்" என்று சத்தம் போடுவார். திட்டுகிறார் என்று எண்ண வேண்டாம். அவர் அப்படிச் சொன்னால்தான் சோதனை சரியாக வரும். மூன்று முறையாவது ஊதவேண்டியிருக்கும். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உள்ளே இழுக்கச் சொல்லி, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடியும் ஊதச் சொல்வார்கள்.

கணக்கு எளிது. முழுதும் ஊதிய காற்று நூறு பங்கு என்றால், அதில் முதல் ஒரு வினாடியில் எத்தனை பங்கு வெளியே வந்தது என்று பார்க்கிறார்கள். மருந்து கொடுத்த பிறகும் 70 பங்குக்குக் குறைவாக வந்தால் வழியில் அடைப்பு இருக்கிறது. மருந்து கொடுத்ததும் நன்றாகத் திறந்துகொண்டால் ஆஸ்துமாவாக இருக்கலாம். மிகவும் வயதானவர்களுக்கு இந்த எண் இயல்பாகவே சற்றுக் குறையும். அதனால் எண்ணை மட்டும் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. தொல்லையையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

"கண்டுபிடித்து என்ன செய்வது? போன நெஞ்சு திரும்பி வருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. போனது வராது. ஆனால் இருப்பதைக் காப்பாற்றலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 35 முதல் 60 வயது வரை உள்ள 5,887 புகைபிடிப்பவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஊதவைத்துப் பார்த்ததில் ஓரளவு அடைப்பு இருந்தவர்கள் அவர்கள். பதினொரு ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். புகையை அடியோடு விட்ட ஆண்களுக்கு, ஒரு வினாடியில் ஊதும் காற்று ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி லிட்டர் குறைந்திருந்தது. அது ஏறத்தாழ வயதினால் எல்லாருக்கும் குறைகிற அளவு. விடாதவர்களுக்கு ஆண்டுக்கு 66 மில்லி லிட்டர். பத்து ஆண்டில் அது அரை லிட்டருக்கும் மேல். அரை லிட்டர் காற்று என்பது ஒருவர் கோயில் படி ஏறுவதற்கும் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள தூரம். நாற்பத்தைந்து வயதில் ஊதிப் பார்த்து நிறுத்தியவருக்கும், அறுபத்தைந்தில் படுத்தபின் நிறுத்தியவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கூட்டிப் பாருங்கள்.

நிறுத்துவது சொல்வதுபோல் சுலபமில்லை. நிக்கோட்டின் என்பது பிடித்தால் விடாத சரக்கு. பல அரசாங்கக் கிளினிக்குகளில் புகையை நிறுத்தவே தனியாக ஒரு நாள் வைத்து, ஆலோசனையும் மருந்தும் தருகிறார்கள். மனைவி மக்கள் நாள் முழுதும் ஏசுவதைக் காட்டிலும் அது நன்றாக வேலை செய்யும். மற்றபடி, உள்ளிழுக்கும் மருந்துகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. உடற்பயிற்சி பழக்கினால் அதே நெஞ்சோடு அதிக தூரம் நடக்க முடிகிறது. 2005, 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் வந்ததுபோல் புகைமூட்டம் கவிந்தால் இந்த நோயாளிகளுக்குத்தான் முதல் அடி. நோய் இருப்பது முன்பே தெரிந்திருந்தால், கையில் மருந்தோடு வீட்டுக்குள் இருப்பார்கள். தெரியாதவர்கள் ஆம்புலன்சில் போவார்கள்.

கிளினிக்குக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நன்றாக மலாய் பேசுகிறவர்கள்கூட டாக்டர் முன் உட்கார்ந்ததும் "பாத்தோக்" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டாக்டரும் இருமல் மருந்து எழுதுகிறார். அடுத்த மாதம் மறுபடியும் அதே பாட்டில். இருமல் என்று மட்டும் சொல்லாதீர்கள். "செசாக் நஃபாஸ் பிலா பெர்ஜாலான்", நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லுங்கள். "காஹாக்", சளி வருகிறது என்று சொல்லுங்கள். எத்தனை ஆண்டு புகைபிடித்தார், எத்தனை ஆண்டு "காயு ஆப்பி"யில், விறகில் சமைத்தார் என்று சொல்லுங்கள். பிறகு, "ஊஜியான் ஸ்பைரோமெத்ரி செய்யலாமா?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. எல்லாக் கிளினிக்கிலும் அந்தக் கருவி இருக்காது. இல்லாவிட்டால் மருத்துவமனைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். நாள் தள்ளிக் கொடுத்தால், தேதியை நாட்காட்டியில் எழுதி, மகனோ மகளோ அன்று லீவு எடுத்துக்கொண்டு கூடப் போங்கள். அரசாங்கக் கிளினிக்கில் நம் நாட்டுக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். அதைவிட மதிப்புள்ளது அந்த ஒரு நாள் சம்பளம், எனக்குத் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தாலோ ஊதும் சோதனைக்கு அவசரப்பட வேண்டாம். முதலில் காசநோய்க்குச் சளிச் சோதனை செய்யவேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கண் அறுவை செய்துகொண்டவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேகமாக ஊதுவது அவர்களுக்கு ஆகாது.

சோதனை நாளன்று வயிறு முட்டப் பசியாற வேண்டாம். இடுப்பை இறுக்கும் உடை வேண்டாம். போவதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிகரெட் கூடாது. பொய்ப்பல் கெட்டியாகப் பொருந்தியிருந்தால் கழற்ற வேண்டியதில்லை, ஆடினால் கழற்றிவிடுங்கள். மூச்சு மருந்து ஏற்கெனவே இழுப்பவர்கள் அன்று காலை இழுக்கலாமா கூடாதா என்று தேதி வாங்கும்போதே கேட்டு வாருங்கள். வீட்டில் உள்ள மருந்துகளை எல்லாம் ஒரு பையில் போட்டு, அடையாளக் கார்டோடு எடுத்துக்கொண்டு போங்கள். அந்த உள்ளிழுக்கும் மருந்தை எப்படிச் சரியாக இழுப்பது என்பதை அடுத்த பேச்சில் சொல்கிறேன்.